ஏரா மரத்துக் காசு

யூனுஸ் காசு பார்க்க உட்கார்ந்தால் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். “காத்துக்குக் காசு பறந்துடுமா?” என்று கேட்டுக் கேட்டு அவர் மனைவி லத்தீஃபா அலுத்துவிட்டாள். காசு பறக்காதுதான். ஆனால் திரை ஆடும், திரை ஆடினால் வெளிச்சம் ஆடும், வெளிச்சம் ஆடினால் காசு பொய் சொல்லும். நாகூர்ப் புழுக்கத்தில் வியர்வை ஒழுக உட்கார்ந்து, பார்த்து, பெரும்பாலும் உதட்டைப் பிதுக்கி “தேறாது” என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

துபாயில், தேரா பஜாரில், ஓர் ஈரானியரின் நாணயக் கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். அந்தக் கடைக்கு அமெரிக்காவிலிருந்து காசுகள் பிளாஸ்டிக் டப்பிக்குள் அடைபட்டு வரும். காசைப் பார்த்து மார்க் போடுவதற்கென்றே அங்கே கம்பெனிகள் இருக்கின்றன. எழுபதுக்குப் பரீட்சை. கைமாறிப் புழங்கிய காசு அறுபதைத் தொடாது. புழங்காத காசு அறுபதில் ஆரம்பிக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கு மார்க்கே கிடையாது. அதற்கு மேலே ஒவ்வொரு மார்க்குக்கும் தலைமயிர் அளவுதான் வித்தியாசம். மார்க்கை ஒரு சீட்டில் அச்சடித்து, காசோடு சேர்த்துத் திறக்க முடியாதபடி ஒட்டி அனுப்புவார்கள். ஈரானியர் அந்தச் சீட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு “எவ்வளவு?” என்பார். யூனுஸ் சொன்னதும் சீட்டில் இருப்பதும் ஒத்துப்போகாத நாட்களில், சீட்டுதான் தப்பு என்று ஈரானியரே தலையாட்டியது உண்டு. அதிலிருந்து அச்சடித்த மார்க் என்றாலே யூனுஸுக்கு ஓர் இளக்காரம்.

போதாததற்கு ஒரு கொள்கை வேறு வைத்திருந்தார். நம்ம கரைக் காசு எதுவும் அறுபத்துமூன்றைத் தாண்டாது என்பது அந்தக் கொள்கை. காரணம் உப்பு. ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்பு, சைக்கிள் செயினைத் தின்கிற உப்பு, வெள்ளிக் காசை மட்டும் முத்தம் கொடுத்துவிட்டா போகும் என்பார். தஞ்சாவூர் நாணயச் சங்கத்துக் கூட்டத்தில் மேசையைத் தட்டி இதைச் சொல்லி, இரண்டு வாத்தியார்களோடு சண்டையும் போட்டிருந்தார். இன்றுவரை அவரை மறுக்கிற காசு ஒன்றுகூட வந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று எல்லோரும் கதிகலங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. அதன் வைகாசியில் ஒரு காலை, வெட்டாற்று முகத்துவாரத்திலிருந்து செல்லத்துரை வந்தார். படகுக்காரர். அவர் மகன் ஹரிஷ் அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அமெரிக்கா போயிருந்தான். செல்லத்துரை வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டை சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“பாய், இது தேய்ச்ச காசுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு அது போதும்.”

யூனுஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் காசு தங்கம், வைரம் என்று சொல்லச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். பெற்ற பிள்ளையை ஃபெயிலாக்குங்கள் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

“உட்காருங்க செல்லத்துரை. முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க.”

விஷயம் இதுதான். செல்லத்துரையின் பாட்டனார் ஜார்ஜ் மன்னர் காலத்தில் ஒரு பாய்மரத் தோணி கட்டினார். டெல்டா நெல்லை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போன தோணி. படகின் அடிநீளத்துக்கும் ஓடுகிற மரத்தை ஏரா என்பார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போல. ஏராவும், முகப்பில் நிமிர்ந்து நிற்கும் முன்மரமும் சேருகிற மூலையில் ஒரு குழி பறித்து, அதில் ஒரு வெள்ளிக் காசு வைத்து மூடுவது அந்தத் தெருவின் வழக்கம். அந்தக் காசு யார் கையிலும் புழங்காத காசாக இருக்க வேண்டும். பாட்டனார் கஜானாவுக்கே போய், புதுக் கட்டைப் பிரிக்கச் சொல்லி, விரல் படாமல் வெற்றிலையில் ஏந்தி வந்தாராம். படகு ஆயுள் முடிந்து பிரிக்கப்படும்போது அந்தக் காசை எடுத்து அடுத்த படகின் ஏராவில் வைக்க வேண்டும். கடலுக்குப் போகிற பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவருவது அந்தக் காசுதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

தோணி ஓடி ஓய்ந்து, ஆற்றங்கரையில் வெகுகாலம் சாய்ந்து கிடந்து, போன தைமாதம்தான் பிரித்தார்கள். பிரித்தவர்கள் செல்லத்துரையும் அவருடைய பெரியப்பா மகன் மருதையனும். இருவரும் பாதிப் பாதி போட்டு ஒரு விசைப்படகு கட்டுகிறார்கள். குழியிலிருந்து கறுத்த மெழுகுக் கட்டியாகக் காசு வெளியே வந்ததைத் தெருவே பார்த்தது. அப்போது லீவில் வந்திருந்த ஹரிஷ், “சுத்தம் பண்ணிக் கொண்டுவர்றேன்பா” என்று அதை வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்கே போய்விட்டான். அங்கே ஏதோ மருந்தில் ஊறவைத்து மெழுகைக் கரைத்திருக்கிறான். காசைப் பார்த்து அசந்துபோய், அப்பா பெருமைப்படட்டும் என்று மார்க் போடும் கம்பெனிக்கும் அனுப்பியிருக்கிறான். டப்பிக்குள் ஜொலித்துக்கொண்டு வந்து சேர்ந்தது காசு. சீட்டில் அறுபத்தேழு.

“மருதையண்ணன் பார்த்தாரு. ‘எம்பது வருஷம் உப்புத் தண்ணியில ஊறினது புதுப்பொண்ணாட்டம் வந்து நிக்குமாடா? பாட்டன் காசை உம்மவன் வித்துட்டு, அதே வருஷத்துக் காசைக் கடையில வாங்கி அனுப்பியிருக்கான். உன் சீட்டே சொல்லுதே, புழங்காத புதுக் காசுன்னு’ங்கிறாரு. பொய்க் காசு வெச்ச படகுல எம் புள்ளைங்க ரெண்டு பேரும் ஏற மாட்டானுங்கன்னுட்டாரு. தெருவும் அவர் பக்கம்தான் பாய். உப்பு என்ன பண்ணும்னு எங்களுக்குத் தெரியாதா? எனக்கே...” செல்லத்துரை நிறுத்தினார். “எனக்கே எம் மவன்மேல சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி ஃபோன்ல கேட்டேன். அவன் ஃபோனை வெச்சுட்டான்.”

“தேய்ச்ச காசுன்னு நான் சொன்னா என்ன ஆகும்?”

“தேய்ச்சுதான் பளபளப்பாக்கினான்னா அது எங்க காசுதானே. கம்பெனிக்காரன் ஏமாந்து மார்க் போட்டுட்டான்னு ஆயிடும். நீங்க சொன்னா மருதையண்ணன் கேப்பாரு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஏரா வைக்கணும். விட்டா ஆவணிதான். அதுவரைக்கும் அண்ணன் கூட்டுல இருக்க மாட்டாரு.”

யூனுஸுக்கு வேலை சுலபமாகப் பட்டது. கரைக் காசு, அறுபத்தேழு மார்க், மருந்துக் குளியல். பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடலாம். விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார், பழைய மேசை விளக்கின் குண்டு பல்பைப் போட்டார். சீட்டின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு டப்பியை விளக்குக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சாய்த்தார்.

அவர் உதடு பிதுங்கவில்லை.

வெளிச்சம் காசின் நடுவிலிருந்து கிளம்பி விளிம்புவரை போய், விளிம்பைச் சுற்றிவந்து, மறுபடி நடுவுக்குத் திரும்பியது. டப்பியைச் சாய்க்கச் சாய்க்க அது சக்கரம் போலச் சுழன்றது. தேய்த்த காசில் வெளிச்சம் இப்படி ஓடாது. கண்ணாடியில் பட்டதுபோல ஒரே இடத்தில் அடித்துக்கொண்டு நிற்கும். திருநீறு போட்டுத் தேய்த்தாலும் புளி போட்டுத் தேய்த்தாலும், அமெரிக்காக்காரன் வேறு எதைப் போட்டுத் தேய்த்தாலும் கீறல் விழும், லென்ஸில் முள்முள்ளாகத் தெரியும். யூனுஸ் லென்ஸை எடுத்தார். மன்னரின் கன்னத்தைப் பார்த்தார். முதலில் தேய்கிற இடம் அதுதான். அச்சு இறங்கிய அன்று இருந்த, மாவு பூசியது போன்ற மெருகு அப்படியே இருந்தது. மீசை நுனி இருந்தது. கிரீடத்துக் கற்கள் ஒவ்வொன்றாக இருந்தன. மார்புச் சங்கிலியில் தொங்கும் யானையின் காது மடிப்பு இருந்தது. யூனுஸ் தன் வாழ்நாளில் இந்த ராஜாவின் ரூபாயை மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறார். அந்த யானைக்குக் காதில் மடிப்பு உண்டு என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

திருப்பினார். தாமரை, ரோஜா, நடுவில் பாரசீக எழுத்தில் ‘யக் ரூபியா’. எழுத்தின் வளைவுக்குள்ளும் வெளிச்சம் ஓடியது. ரோஜாக் காம்புக்கு அருகே கண்ணுக்கு எட்டாத ஒரு கீறல். கஜானாக் கட்டுக்குள் இன்னொரு காசின் விளிம்பு இடித்தது. பிறந்த அன்றே பட்ட காயம். அது மட்டும் இல்லாவிட்டால் அறுபத்தெட்டு போட்டிருப்பார். வேறு குறை எதுவும் சொல்ல அவருக்குக் கிடைக்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியதைக்கூடத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மாஷா அல்லாஹ்” என்றார் கடைசியில், மூச்சோடு மூச்சாக. லத்தீஃபா கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். இந்த மனுஷன் ஒரு காசுக்கு இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

“சொல்லுங்க பாய்” என்றார் செல்லத்துரை.

ஒரே ஒரு வார்த்தைதான். தேய்ச்சது என்று சொல்லிவிட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும், படகு எழும்பும். கம்பெனிக்காரன் அமெரிக்காவிலிருந்து வந்து கேட்கப் போவதில்லை. யூனுஸ் வாயைத் திறந்தார். இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அதைத் தேய்த்தது என்று சொல்ல அவரால் முடியவில்லை.

“தேய்க்கல செல்லத்துரை. ஒரு துணிகூட மேல படல. அந்த மார்க் சத்தியமான மார்க்.”

செல்லத்துரை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப எம் மவன்...” என்று தொடங்கினார். கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

யூனுஸுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதைவிடக் கொடுமை, அவருடைய சொந்தக் கொள்கையே மருதையன் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கரைக் காசு அறுபத்துமூன்றைத் தாண்டாது. இது தாண்டிவிட்டது. ஆகவே இது கரைக் காசு இல்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன வாய் இப்போது எங்கே போய் முட்டிக்கொள்ளும்? எரிச்சலோடு லென்ஸை மறுபடி கண்ணில் வைத்தார். இந்த முறை அழகைப் பார்க்கவில்லை, அழுக்கைத் தேடினார். விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் பற்களைத் துருவிக்கொண்டே போனார். அடிப்பக்கத்தில் சில பற்களுக்கு இடையில் தேன் நிறத்தில் ஏதோ ஒன்று உறைந்திருந்தது.

“குழியை எதை ஊத்தி மூடுவீங்க?”

“குங்கிலியமும் தேன்மெழுகும் காய்ச்சி ஊத்துவோம். அடியில ஒரு கை ஊத்தி, அது ஆறுறதுக்குள்ள காசை வெச்சு அமுக்கி, மேல ஒரு கை.”

“மேல இருந்ததைத்தான் கட்டியோட பேர்த்தீங்க. அடியில ஊத்தினது?”

“குழியிலயேதான் இருக்கும். அதை யாரு தோண்டினா?”

“அந்த மரம் எங்க இருக்கு?”

“கரையிலதான். புது ஏரா வைக்கிறவரைக்கும் பழசை விறகாக்க மாட்டோம். குழியை மஞ்சத்துணி அடைச்சு மண்ணு பூசி வெச்சிருக்கு.”

யூனுஸ் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்து, செல்லத்துரையைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

ஆற்றங்கரையில் புது ஏரா, கட்டைகளின்மேல் மாலை போட்டுக் கிடந்தது. யாரும் அதன் பக்கத்தில் இல்லை. தெருவாட்கள் பூவரச நிழலில் கூடி நின்றார்கள். நடுவில் மருதையன், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவருக்குப் பின்னால். பழைய தோணியின் ஏரா கொஞ்சம் தள்ளிக் கடலைப் பார்த்தபடி கிடந்தது.

“வாங்க பாய். பார்த்துட்டீங்களா? புதுக் காசுதானே?” என்றார் மருதையன்.

“புதுக் காசுதான்” என்றார் யூனுஸ்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆனா எங்க புதுசா இருந்துச்சுன்னு பார்க்கணும். அந்தக் குழியைத் திறங்க.”

“அடைச்சதைத் திறக்கிற வழக்கம் கிடையாது.”

“உங்க பாட்டன் காசு எதுன்னு தெரியாம ஏரா வைக்கிற வழக்கம் இருக்கா?”

மருதையன் முறைத்தார். முறைத்துவிட்டு அவரே போய்க் குத்துக்காலிட்டு, மீன் கத்தியால் மண் பூச்சைப் பெயர்த்தார். மஞ்சள்துணியை உருவி எடுத்தார். யூனுஸ் மணலில் மண்டியிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் குழிக்குள் பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் அசையாமல் கிடந்ததால், மயக்கம் போட்டுவிட்டாரோ என்று ஒரு பையன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

குழியின் அடியில் குங்கிலியம் பழுப்புக் கண்ணாடியாக இறுகியிருந்தது. அதில் ஒரு காசின் முதுகு பதிந்திருந்தது. தாமரை இருந்தது, இடம் வலமாக. ரோஜா இருந்தது. ‘யக் ரூபியா’ திரும்பி நின்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது. சூடாக ஊற்றிய பிசின் காசின் ஒவ்வொரு மயிரிழையையும் பிடித்துக்கொண்டு, உப்பையும் காற்றையும் உள்ளே விடாமல், யாழ்ப்பாணத்துக்கும் நாகூருக்கும் போய் வந்த அத்தனை புயலிலும் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறது. யூனுஸ் ரோஜாக் காம்புக்கு அருகே டார்ச்சைக் கொண்டுபோனார். காசில் எங்கே கீறல் பள்ளமாக விழுந்திருந்ததோ, பிசினில் அங்கே அதே சாய்வில் ஒரு மெல்லிய மேடு நின்றது.

அவர் எழுந்து, டப்பியையும் லென்ஸையும் மருதையனிடம் நீட்டினார். “நான் சொல்ல வேணாம். நீங்களே பாருங்க. இந்தப் பூவுக்குப் பக்கத்துல ஒரு கீறல் இருக்கு. உலகத்துல வேற எந்தக் காசுக்கும் அந்த இடத்துல அந்தக் கீறல் இருக்காது. பார்த்துட்டு, இப்ப குழிக்குள்ள பாருங்க.”

மருதையன் பார்த்தார். குழிக்குள் பார்த்தார். மறுபடி காசைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை குழிக்குள் பார்த்தார்.

“உப்பு இதைத் தொடலியா?” என்றார், யாரைக் கேட்கிறோம் என்றே தெரியாமல்.

“தொடல” என்றார் யூனுஸ். “கரைக் காசு தேறாதுன்னு நானே ஊரெல்லாம் பேசிட்டுத் திரிஞ்சேன். எம் பேச்சை இன்னிக்கு உங்க பாட்டன் உடைச்சுட்டாரு.”

மருதையன் டப்பியைச் செல்லத்துரையின் கையில் வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அந்தத் தெருவில் புழக்கத்தில் இல்லை. “பொழுது போகுது. உடைச்சு எடு” என்றார்.

செல்லத்துரை டப்பியை யூனுஸிடம் நீட்டினார். “நீங்களே உடைங்க பாய். நான் உடைச்சா காசுல பட்டுடும்.”

உடைத்தால் மார்க் போய்விடும். டப்பியை விட்டு வெளியே வந்த காசுக்கு எந்தச் சீட்டும் சாட்சி சொல்லாது. அதைவிட, இதைப் போல இன்னொன்றைத் தாம் பார்க்கப் போவதில்லை என்பது யூனுஸுக்கு நன்றாகத் தெரியும். “செல்லத்துரை, இந்த ரகத்துல இதைவிட நல்ல காசு உலகத்துல இருக்கோ இல்லியோ. யோசிச்சுக்குங்க.”

“அதனாலதான் பாய் உள்ள வைக்கிறது” என்றார் செல்லத்துரை.

யூனுஸ் படகுத் தச்சரிடம் குறடு வாங்கி டப்பியின் மூலையைக் கவ்வி நெரித்தார். பிளாஸ்டிக் படீரென்று பிளந்தது. மருதையன் இரண்டு கையிலும் வெற்றிலையை ஏந்தி நின்றார். காசு விரல் படாமல் அதில் சறுக்கி விழுந்தது. திறந்த வெயிலில், டப்பி இல்லாமல், அதன்மேல் ஓடிய வெளிச்சத்தைப் பார்த்து முன்வரிசையில் நின்ற பெண்கள் “அம்மாடி” என்றார்கள்.

“ஒரு நிமிஷம்” என்று யூனுஸ் லென்ஸைச் செல்லத்துரையிடம் கொடுத்தார். “இவ்வளவு தூரம் கொண்டுவந்தீங்க. நீங்க இன்னும் பார்க்கவே இல்ல.”

உண்மைதான். பயத்தில் அந்த மனிதர் தன் காசை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. குனிந்து லென்ஸுக்குள் பார்த்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மருதையன் வெற்றிலையை மெல்லச் சாய்த்தார், வெளிச்சம் சுழன்றது. செல்லத்துரையின் வாய் பிள்ளையின் வாய் போலத் திறந்துகொண்டது.

“பாய், பாட்டன் மூடும்போது கடைசியாப் பார்த்தது இதைத்தானே? இப்படியேதானே பார்த்திருப்பாரு?”

“இப்படியேதான். ஒரு துளி குறையாம.”

செல்லத்துரை அழுதுவிட்டார். மகனைச் சந்தேகப்பட்டதற்கு அழுதாரா, பாட்டன் கண்ணால் பார்த்துவிட்டதற்கு அழுதாரா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. யூனுஸுக்கும் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சாக்குச் சொல்ல அங்கே விசிறி நிறுத்தின அறை இல்லை.

தச்சர் அடிப் பிசினை ஊற்றினார். மருதையன் வெற்றிலையைச் சாய்த்தார். காசு குழிக்குள் போய் உட்கார்ந்தது. மேலே மெழுகு விழுந்ததும் ராஜாவின் முகம் ஒரு கணம் மஞ்சளாகத் தெரிந்து, மங்கி, மறைந்தது. இனி யாரும் மார்க் போட முடியாது.

மருதையனின் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் வந்து ஏராவைத் தொடக் கையை நீட்டினார்கள்.

“இருங்கடா” என்றார் மருதையன். “உங்க சித்தப்பா முதல்ல தொடட்டும்.”

செல்லத்துரை குழியின்மேல் உள்ளங்கையை வைத்தார். மெழுகு இன்னும் ஆறியிருக்கவில்லை. அவர் கையை எடுக்கவில்லை.